முப்பத்து மூன்று பக்கக் கடிதம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே பயணம் செய்வோர், காரனோடையையும் தச்சூரையும் கடந்தபின் புதுவாயல் கூட்டுச்சாலையை அடைவர். மேற்கே பெரியபாளையத்துக்குச் சாலை பிரிகிறது. வடக்கே கவரைப்பேட்டை, அதற்கும் அப்பால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஒருபுறம் நெல்வயல்; மறுபுறம் ஆலைப் புகைபோக்கி. உள்ளூர் விவசாயக் குடும்பங்களோடு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்த தொழிலாளர் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன.

இப்பகுதியில் வாழும் ஒரு தாயை நாம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அவள் மகனுக்கு இரண்டரை வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் உறையைப் பிரிக்கும் ஒலி கேட்டதும் ஓடி வருகிறான். பொம்மை லாரியைத் தரையில் ஓட்டுவதில்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கிறான். ஒன்றரை வயதில் சொல்லிவந்த 'அம்மா' என்ற சொல்லும் இப்போது இல்லை. "இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான், கவலைப்படாதே" என்கிறாள் மாமியார். தாயின் மனம் ஆறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள மருத்துவரிடம் போகிறாள். வெளியே காய்ச்சலும் இருமலுமாக நாற்பது பேர் காத்திருக்கின்றனர். மருத்துவர் நல்லவர், இரக்கமுள்ளவர். குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்க்கிறார். எடை சரியாக இருக்கிறது. "ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகத்தான் பேசும், அம்மா" என்று ஆறுதல் கூறி அனுப்புகிறார்.

அந்த ஆறுதலின் விலை இரண்டு ஆண்டுகள். சில வீடுகளில் அது மூன்றாகவும் நான்காகவும் நீளும். குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும் காலம் அது. பிறர் முகத்தைப் பார்ப்பதும், விரலால் சுட்டிக்காட்டுவதும், தான் கண்டதைப் பிறரோடு பகிர்வதும் பேச்சுக்கு முன்பே கற்கவேண்டிய பாடங்கள். இவற்றைக் கற்பதில் இடர்ப்படும் குழந்தைக்கு, இளம்பருவத்திலேயே பெற்றோர் வழியாகத் துணை கிடைப்பது பெரும் நன்மை. அந்த வாய்ப்பு நழுவியதற்கு அங்கே எவருடைய கல்நெஞ்சமும் காரணமன்று. ஒரு மருத்துவருக்கு ஒரு செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவே.

ஆட்டிசம் என்று நாம் இன்று அழைக்கும் இந்நிலையைப் பற்றிய அறிவு எவ்வாறு பிறந்தது, யார் கைக்குச் சென்றது, யாரை எட்டாமல் நின்றது என்பதை ஆராய்ந்தால், அது தொலைவைப் பற்றிய ஒரு வரலாறாகவே விரிகிறது.

தபாலில் பிறந்த அறிவு

1938ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர். அங்கு வாழ்ந்த பீமன் டிரிப்லெட் என்ற வழக்குரைஞர், தம் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பைத் தட்டச்சு செய்வித்தார். மகன் எதைக் கண்டு மகிழ்கிறான், எதற்கு அஞ்சுகிறான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுகிறான், தாய் தந்தையர் வந்தாலும் போனாலும் எவ்வாறு பொருட்படுத்தாமல் இருக்கிறான் என்பன யாவும் அதில் இருந்தன. முப்பத்து மூன்று பக்கங்கள். தொலைதூரத்துப் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவருக்கு அது அனுப்பப்பட்டது.

கானர் பின்னர் அச்சிறுவனை நேரிலும் கண்டார். அவனைப் போன்ற வேறு குழந்தைகளையும் கண்டார். பதினொரு குழந்தைகளைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரையே ஆட்டிசம் பற்றிய மருத்துவ இலக்கியத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் முதற்குழந்தை டொனால்டு. ஆகவே இந்த அறிவு பெருநகர மருத்துவமனையில் தானாக முளைத்ததன்று. ஒரு சிற்றூர்த் தந்தையின் கூர்ந்த கவனிப்பு தபால் வழியே சென்று, ஒரு வல்லுநரின் மேசைமீது கிடந்தபோது பிறந்தது அது.

வேதனை யாதெனில், அறிவைத் தந்த பெற்றோரே விரைவில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். இக்குழந்தைகளின் நிலை பிறவியிலேயே அமைவது என்று முதலில் கருதிய கானர், பெற்றோர் பலரிடம் அன்பின் வெதுவெதுப்பு குறைவு என்றும் எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலால் அக்கருத்து மேலும் பரவியது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று கூறப்பட்டதால் எத்தனையோ தாய்மார் தம்மைத் தாமே நொந்துகொண்டனர்.

இந்தப் பிழையைத் தகர்க்க முன்வந்தவரும் ஒரு தந்தையே. உளவியலாளரான பெர்னார்ட் ரிம்லண்டின் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. இது உயிரியல் அடிப்படை கொண்டது என்று வாதிட்டு அவர் 1964இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே பெற்றோரைத் திரட்டி ஒரு சங்கமும் கண்டார். அச்சங்கத்தின் கூட்டத்தில்தான் 1969இல் கானர் எழுந்து, பெற்றோர்மீது பழியில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 1977இல் பிரித்தானியாவின் இருபத்தொரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபுக்கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டெனக் காட்டினர். டொனால்டு கல்லூரியில் பயின்று, வங்கியில் பணியாற்றி, உலகின் பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, தம் சொந்த ஊரார் நடுவே வாழ்ந்து 2023இல் மறைந்தார். அவரை அவ்வூர் தன்னவராக ஏற்றுக்கொண்டது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் கதவைத் தட்டியவர்கள் பெற்றோரே. ஆட்டிசம் உள்ள மகனின் தாயாகிய மெரி பரூவா, 1991இல் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1995இல் நிறைவேறிய ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதன்முறையாக அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளுள் ஒன்றாக ஏற்றது. நம் மாநிலத்தில், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைந்தது.

2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரிடம் முப்பது வகை நலக்குறைகளைக் கண்டறிய வழிசெய்தது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வரவேண்டும். ஐயத்துக்குரிய குழந்தையை மாவட்ட இளநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது திட்டம்.

சட்டம் வந்தது, திட்டம் வந்தது. எனினும் குழந்தையை முதலில் காணும் மருத்துவரின் கண்ணுக்கு அக்குழந்தை புலப்பட வேண்டுமே! உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிச நிலையுடன் வாழ்ந்தனர். அப்படியானால் நாள்தோறும் பல குழந்தைகளைக் காணும் எந்த மருத்துவரும் இத்தகைய குழந்தையைக் காணாமல் ஆண்டைக் கழிக்க இயலாது. ஆயினும் பட்டப்படிப்பில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு ஒதுக்கப்படும் இடம் சிறிது. வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவம் பயின்றோர் பெருநகரங்களில் சிலர் மட்டுமே. புதுவாயலிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்லக் கவரைப்பேட்டையில் மின்தொடர் வண்டி ஏறலாம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து, கூட்டத்தின் ஓசையைத் தாங்காமல் காதைப் பொத்தி அலறும் குழந்தையுடன், யார் எழுதிக்கொடுத்த சீட்டும் இன்றி அத்தாய் எந்த வாசலில் போய் நிற்பாள்?

இந்த இடைவெளியில்தான் பொய் வைத்தியம் கடை விரிக்கிறது. 'ஸ்டெம் செல்' ஊசியால் ஆட்டிசத்தைக் குணப்படுத்தலாம் என்று நம்பி நகையையும் நிலத்தையும் விற்ற பெற்றோர் உண்டு. அச்சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாக அறிவித்தது. அருகிலுள்ள மருத்துவர் இதை அறிந்திருந்தால், ஒரே வாக்கியத்தில் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றிவிடலாம்.

தொலைவிலிருந்து கற்பித்தல்

வல்லுநர் அனைத்து ஊர்களுக்கும் செல்ல இயலாது. ஊரார் அனைவரும் வல்லுநரிடம் வரவும் இயலாது. இந்தச் சிக்கலை நம் நாடு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி புகட்டப்பட்டது. சிற்றூர் ஆசிரியர்கள் பல்லாயிரவர் தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்லாமலேயே அறிவியல் கற்பிக்கும் பயிற்சி பெற்றனர்.

மருத்துவத்தில் வேலூர் நமக்கு நல்ல முன்மாதிரி. 1900இல் ஒரே கட்டிலுடன் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணி, சாலையோர மரநிழலில் நோயாளிகளைத் தேடிச் சென்ற பணியாகவும் வளர்ந்தது. அவ்வழியில் வந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2006இல் குடும்ப மருத்துவத்தில் தொலைநிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. ஊரில் பணியாற்றும் மருத்துவர் தம் நோயாளிகளை விட்டுப் பிரியாமலே பாடநூல்களின் வழியும், காணொளி வகுப்பு வழியும், பல ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளில் நடைபெறும் நேரடி வகுப்பு வழியும் கற்கலாம். நோயாளியை வேறிடத்துக்கு அனுப்புவதைக் குறைத்து, இயன்றதை இங்கேயே தீர்க்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இந்தியாவில் மருத்துவம் பயின்ற கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா மனங்கலங்கி நின்றார். ஹெபடைட்டிஸ் 'சி' நோயாளிகள் அவரைக் காண எட்டு மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. 2003இல் அவர் 'எக்கோ' என்னும் முறையை வகுத்தார். வண்டிச் சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிவதுபோல், நடுவே ஒரு வல்லுநர் குழு; சுற்றிலும் பல ஊர்களின் மருத்துவர்கள். குறித்த நாளில் அனைவரும் திரைவழி கூடுவர். வல்லுநர் ஒருவர் சிறிது நேரம் பாடம் சொல்வார். பிறகு ஓர் ஊர் மருத்துவர், பெயரை மறைத்து, தாம் கண்ட நோயாளி ஒருவரின் நிலையை விளக்குவார். எல்லாரும் ஆராய்ந்து வழி கூறுவர். நோயாளி தம் ஊர் மருத்துவரிடமே இருப்பார். 2011இல் வெளிவந்த ஆய்வில் 407 நோயாளிகள் ஒப்பிடப்பட்டனர். பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோர் 57.5 விழுக்காடு, ஊர் மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றுக் குணமானோர் 58.2 விழுக்காடு. சிற்றூர் மருத்துவர் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர் என்பதை அந்த எண்கள் மெய்ப்பித்தன.

இம்முறையை ஆட்டிசத்துக்குக் கொண்டுவந்தவர், மிசூரிப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் கிறிஸ்டின் சோல். 2015இல் அவர் தொடங்கிய 'எக்கோ ஆட்டிசம்' வகுப்பின் நடுக்குழுவில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், உணவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருடன், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் ஒருவரும் சம உரிமையுடன் அமர்ந்தார். நம் சிந்தையைத் தொட்டது இச்செய்தியே. 1938இல் கடிதம் எழுதிய தந்தை, பின்னர்ப் பழிசுமந்த தாய், அவர்களின் வழித்தோன்றலாக ஒருவர் இப்போது மருத்துவருக்குப் பாடம் சொல்லும் இடத்தில் அமர்ந்துவிட்டார்!

அங்கு மருத்துவர்கள் கற்பது பெரும் வித்தையன்று. ஓராண்டு நிறைந்த குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக்காட்டுகிறதா? கற்ற சொல்லை இழந்துவிட்டதா? காது கேட்கும் திறனை முதலில் சோதித்தாயிற்றா? ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையின் பெற்றோரிடம் கேட்பதற்கென இருபது வினாக்கள் கொண்ட எளிய படிவம் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. இவற்றோடு, உறக்கமின்மை, மலச்சிக்கல், வலிப்பு, உணவை மறுத்தல் போன்ற உடன்வரும் துன்பங்களைத் தாமே கவனிக்கும் துணிவையும் அவர்கள் பெறவேண்டும்.

வெற்றியும் அதன் எல்லையும்

இம்முறையை மெச்சிக்கொண்டு மட்டும் நின்றுவிடுதல் நேர்மையாகாது. பத்து மையங்களில் 148 மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. மாதம் இருமுறையாகப் பன்னிரண்டு வகுப்புகள் நடைபெற்றன. மருத்துவர்களின் அறிவு உயர்ந்தது, தன்னம்பிக்கையும் உயர்ந்தது. ஆனால் அவர்கள் குழந்தைகளைச் சோதிக்கும் அன்றாடப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அறிந்ததைச் செய்ய நேரமும் ஆளும் துணையும் வேண்டும் என்ற உண்மையை இம்முடிவு நமக்கு உணர்த்துகிறது. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கையில் இருபது வினாக்களைக் கேட்க எந்த மருத்துவரால் முடியும்?

இதற்கு விடைதேடும் முயற்சிகள் நம் மண்ணிலேயே உள்ளன. கோவாவின் சங்காத் நிறுவனமும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியைச் சேர்ந்தோரும் இணைந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. மருத்துவர் அல்லாத எளிய நலப்பணியாளர்கள் பயிற்சி பெற்று, 65 குடும்பங்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் பெற்றோருக்குத் துணைநின்றனர். குழந்தையின் குறிப்பறிந்து பதில்தரும் திறன் பெற்றோரிடம் வளர்ந்தது; குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. எல்லை பிரித்த இரு நாடுகள் குழந்தைகளுக்காகக் கைகோத்தன என்பது அதன் தனிச்சிறப்பு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, கையடக்கக் கருவியின் துணையோடு வீடுதேடி அனுப்புகிறது. வல்லுநர்கள் தொலைவிலிருந்து அவர்களை வழிநடத்துகின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தம் நோயாளியுடன் அமர்ந்திருக்கும்போதே மனநல வல்லுநர் திரைவழி உடனிருந்து கற்பிக்கும் முறையை வளர்த்துள்ளது. அது பெரும்பாலும் வயது வந்தோரின் மனநோய்களுக்கானது. எனினும் குழந்தைகளுக்கும் அவ்வழி பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

மீண்டும் கூட்டுச்சாலையில்

புதுவாயலுக்குத் திரும்புவோம். அந்த மருத்துவர் திங்கள் இருமுறை ஒரு மணி நேரம் திரைமுன் அமர்ந்து கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது வினாக்களைக் கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ முன்கூட்டியே கேட்டுவைக்கின்றனர். ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளில் அவரவர் மொழியிலேயே கேட்கப்படுகிறது. தமிழ் புரியாமல் விழிக்கும் குழந்தையை ஆட்டிசக் குழந்தை என்று தவறாகக் கணிப்பதும், ஆட்டிசக் குழந்தையை மொழி புரியாதவன் என்று விட்டுவிடுவதும் அங்கே ஒருங்கே தவிர்க்கப்படுகின்றன. தாய் வந்ததும் மருத்துவர், "நீங்கள் கவனித்தது சரிதான், அம்மா. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. முதலில் காதைச் சோதிப்போம். பிறகு இவனோடு எப்படி விளையாடுவது என்று சொல்லித்தருகிறோம்" என்கிறார். அவ்வளவு போதும். அவள் வாழ்வின் திசையே மாறிவிடும்.

பொதுநிலையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஞாயிறு திருப்பலியில் ஒலிபெருக்கியின் முழக்கம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் குழந்தையை நாம் கண்டிருப்போம். திரும்பிப் பார்க்கும் நம் கண்கள் அத்தாய்க்கு என்ன சொல்லின? அடுத்த வாரம் அவள் ஏன் வரவில்லை என்று நாம் கேட்டதுண்டா? நம் பள்ளிகளில் சேர்க்கை கேட்டு வந்த இத்தகைய குழந்தைக்கு நாம் என்ன விடை தந்தோம்? மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதும் நாமே பயிற்சி பெறாதவர்களாக இருக்கிறோம்.

1938இல் ஒரு தந்தை முப்பத்து மூன்று பக்கங்கள் எழுதினார். அவற்றைப் பொறுமையுடன் படிக்க ஒரு மருத்துவர் இருந்தார். அந்தப் பொறுமையிலிருந்தே இந்த அறிவு முழுவதும் தொடங்கிற்று. புதுவாயல் தாய்க்குத் தட்டச்சுப் பொறியும் இல்லை. எழுத நேரமும் இல்லை. அவள் கடிதம் அவள் இடுப்பில் அமர்ந்திருக்கிறது. திரைகளும் துணைக்கோள்களும் பயிற்சி வகுப்புகளும் யாவும், அருகிலிருக்கும் ஒருவர் அக்கடிதத்தைப் படிக்கக் கற்பதற்காகவே.